நாவலர் பெருமானும் சொல்லின் பயனும்

சொல்லத் தெரிந்தவர் பலர். யாருக்குச் சொல்லுகிறோம், எதன்பொருட்டுச் சொல்லுகிறோம் என்பதைத் தெரிந்து சொல்பவர் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவராக ஈழத்திருநாட்டிலே விளங்கியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். அவர்களுடைய சரித்திரத்தை இந்நோக்கிலே சிறிது சிந்திப்பது நம் சங்கத்து இளைஞர்க்குப் பெரிதும் பயன்தரும்.

யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆந் தேதி அவர்கள் பிறந்தார்கள். தமிழை ஊர்ப் பெரியோரிடத்தும், ஆங்கிலத்தை உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் கற்று, அங்கேயே ஆசிரியருமானார்கள். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிலே பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றார்கள். பிரசங்கமும், அச்சிட்ட சிறு பிரசுரங்களும், பாடசாலையும் மக்களிடத்தே எவ்வளவு வலியுடையன என்பதை அருகிருந்து காணும் வாய்ப்பு இதனால் அவர்களுக்குக் கிடைத்தது.

1847ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர்கள் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார்கள். கேட்டவர்கள் கோயிலுக்கு வந்த பொதுமக்கள். ஆகவே சிவலிங்க வழிபாடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை முதலிய, வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களையே பேச எடுத்துக்கொண்டார்கள். 1848இல் பாதிரியாரிடத்து உத்தியோகத்தை விடுத்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். மறு ஆண்டு அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்ற வழியிலே, திருவாவடுதுறை ஆதீனத்திற் செய்த பிரசங்கத்தினால் நாவலர் என்னும் பட்டம் பெற்றார்கள்.

அச்சியந்திரம் வந்தபின் வெளிவந்த நூல்களைப் பாருங்கள். எழுதியவர் ஒருவரே, எழுத்தோ ஒரே வகையினதன்று. பிள்ளைகளுக்குப் பாலபாடம்: சிறு வாக்கியங்களிலே தொடங்கிப் படிப்படியாக உயர்வது. சமய உண்மைகளை மனத்திற் பதிக்கச் சைவ வினாவிடை. செய்யுளிலுள்ள பெரியபுராணத்தைப் படிக்க இயலாதவர்க்கு 1852இல் வெளியிட்ட வசனம். கற்றோர்க்கோ திருக்குறட் பரிமேலழகர் உரைப் பதிப்பு. காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் வசனத்தில் முறையாக வழங்கச் செய்தவர்களுள் முதன்மையாக அவர்களைச் சொல்லுவர். இதுவும் படிப்பவர் இடர்ப்படாது பொருளுணர வேண்டும் என்னுங் கருத்தினாலேயே.

சைவத்தைப் பழித்தோர்க்கு மறுப்பாக 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தின் நடையோ வேறு. அது கண்டனம். சைவக் கிரியைகளை இகழ்ந்தவர்களுக்கு, அவர்களது வேதத்திலேயே ஆலயமும் பலியும் தூபதீபமும் விதிக்கப்பட்டிருத்தலை அந்நூல் எடுத்துக் காட்டியது. மொழிபெயர்ப்புக்காக ஒருகாற் படித்த நூலையே பிறிதொரு பயன் கருதி வாதத்துக்குக் கருவியாக்கினார்கள். எழுத்திலே மாத்திரமன்று, படிப்பிலும் நோக்கம் உண்டென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1879இலே சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் வரவேண்டுமென்று நாவலர் பொதுக்கூட்டங் கூட்டி ஆதரித்தார்கள். அவ்வாண்டு மார்கழி 5ஆந் தேதி சிவபதமடைந்தார்கள்.

இனி நாம் ஒன்றைக் கருதல் வேண்டும். நாவலர் நூல்களை இன்று எடுப்போர் இருவகையிலே தவறுவதுண்டு. கண்டனத்தை மாத்திரம் படித்து, அன்பில்லாதவர் என்று ஒதுக்குவோர் ஒருசாரார். கண்டனத்தின் கடுமையையே சமயப்பற்றென மயங்கி, அயல்வீட்டுக் கிறிஸ்தவ அன்பரையும் பகைவராக எண்ணுவோர் மற்றொருசாரார். இருசாராரும் அந்நூல் எக்காலத்தில், யாரை நோக்கி, என்ன பயன் கருதி எழுந்தது என்று கேட்டாரல்லர். சாதியாசாரம் பற்றி அவர்கள் எழுதியவற்றுட் சில இக்காலத்தில் நாம் ஏற்கத் தகாதன. அவற்றை மறைத்தலும் வேண்டா. அவை கொண்டு அவர்களது கல்விப்பணியை மறுத்தலும் வேண்டா. பகுத்தறிந்து படித்தலே அவர்கள் நிறுவிய பாடசாலைகளுக்கு நாம் செலுத்தும் கைம்மாறு.

இளைஞர்களே! விழா மேடையிற் பேச எழுமுன்னும், இம்மலருக்குக் கட்டுரை வரையுமுன்னும், கைத்தொலைபேசியில் வந்த செய்தியொன்றைப் பிறர்க்கு அனுப்புமுன்னும் சற்றே நில்லுங்கள். இது யாருக்கு? இதனால் விளைவது யாது? அறிவுறுத்தலா, ஆறுதலா, வாதமா, வெறும் ஆரவாரமா? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் சொல்லுஞ் சொல் சுருங்கும், பயனோ பெருகும். சபையிலிருக்கும் பெரியோர்களும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுக் கைதட்டுவதோடமையாது, அதன் கருத்து யாதென அன்போடு வினவுவார்களாக.

நாவலர் குருபூசையன்று விளக்கேற்றி மாலை சூட்டுகின்றோம். அதனோடு அவர்களுடைய நூலொன்றை எடுத்து, யாருக்காக எழுதினார்கள் என்று ஆராய்ந்து படிப்போமாயின், அதுவே சிறந்த பூசையாகும்.