நிலம் அளந்த லாம்டன்

சென்னைக்கும் மங்களூருக்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவை முதன்முதலில் துல்லியமாகக் கணித்தவர், ஆங்கிலேயப் படை அதிகாரியும் கணித வல்லுநருமான வில்லியம் லாம்டன் ஆவார்.

1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்கும் தெற்கே உள்ள பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே, நூறடிச் சங்கிலியால் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளத்தை அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம். இவ்வாறு முக்கோணங்களைத் தொடர்ச்சியாக இணைத்து மேலைக் கடற்கரையை எட்டினார். 400 மைல் எனக் கருதப்பட்ட அகலம் ஏறத்தாழ 360 மைலே எனப் புலனாயிற்று.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றுகையில், கயிறு அறுந்து, கோணங்களை அளக்கும் அரை டன் எடைக் கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. மாற்றுக் கருவி வேண்டுமெனில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். லாம்டன் மனந்தளராது, ஆறு வாரங்கள் தனித்திருந்து அதனைத் தாமே செப்பனிட்டார்.

1823இல், பணிவழியிலேயே மகாராட்டிரத்தின் ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தார். பின்வந்தோர் அவ்வளவையை இமயம்வரை கொண்டுசென்றனர். இன்று பரங்கிமலைக்கு அருகிலுள்ள மீனம்பாக்கத்திலிருந்து எழும் விமானம், அவர் அளந்த அகலத்தை இரண்டு மணி நேரத்திற்குள் கடக்கிறது.