பிழை களைந்த மாலுமி

சேலம் என்றவுடன் நம் நினைவு மாம்பழத்தின்மேற் செல்லும். நாம் ஈண்டுக் கூறப்புகுவது அச்சேலம் அன்று. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் அப்பெயருடன் விளங்கும் துறைமுகப் பட்டினம். அங்கே 1773ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் பிறந்தவரே நத்தானியேல் பௌடிச்.

வறுமை காரணமாக இவர் பத்தாம் வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையாரின் பீப்பாய்ப் பட்டறையில் வேலை செய்தார். பன்னிரண்டாம் வயதில், கப்பல்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடையில் கணக்கெழுதப் பயிலும் சிறுவனாய் அமர்ந்தார். பகலிற் பேரேடு, ஓய்ந்த வேளையில் நூல்கள். நியூட்டனாரின் பெருநூல் இலத்தீன் மொழியில் இருந்தமையால், அம்மொழியையும் தாமே கற்றுத் தேர்ந்தார்.

1795 முதல் 1803 வரை ஐந்து முறை கடற்பயணம் செய்தார். முதன்முறை குமாஸ்தாவாகச் சென்றவர், இறுதியில் கப்பல் தலைவராகவே சென்றார். இந்துமாக்கடலின் ரீயூனியன் தீவு, மணிலா, சுமத்திரா முதலியன அவர் கண்ட இடங்கள்.

நண்பகலில் ஞாயிற்றின் உயரத்தை அளந்து, கப்பல் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே உள்ளது என்பதை மாலுமிகள் அறிவர். கிழக்கு மேற்கு நிலையை அறிவதே அரிது. திருத்தமான கடற் கடிகாரம் அந்நாளில் விலை மிக்கது. அஃதில்லாதோர், திங்களுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து கணக்கிட வேண்டும். அக்கணக்கோ நீண்டது. பௌடிச் அதற்கு எளிய வழி கண்டு, உடன் வந்த மாலுமிகளுக்கும் கற்பித்தார். அவர் கப்பலில் சமையற்காரனும் அதனை அறிந்திருந்தான் என்பர்.

மாலுமிகள் நம்பியிருந்த நூல் மூர் என்பாரின் கைநூல். அதன் அட்டவணைகளைப் பௌடிச் ஒவ்வொன்றாக மீண்டும் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 8,000 பிழைகள் வெளிப்பட்டன. 1800ஆம் ஆண்டை லீப் ஆண்டாகக் கொண்டதும் அவற்றுள் ஒன்று. அதனால் ஞாயிற்றின் நிலை ஒருநாள் பிசகிவிடும். மார்ச்சு, செப்டம்பர்த் திங்கள்களில் அப்பிசகு கப்பலின் இடத்தை 20 மைலுக்கு மேல் தவறாகக் காட்டும். பாறைகள் நிறைந்த கரையருகே 20 மைல் என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளியன்றோ?

திருத்தங்கள் பெருகவே, 1802இல் அந்நூல் அவர் பெயராலேயே புதுநூலாக வெளிவந்தது. 1803 டிசம்பர் 25ஆம் நாளிரவு பனிப்புயலில், கலங்கரை விளக்கொளியைக் கணப்பொழுதே கண்டு, தம் கணக்கின் துணையால் கப்பலைச் சேலம் துறைமுகத்திற் சேர்த்தார் பௌடிச். நூலின் உறுதிக்கு ஆசிரியரே சான்றானார்.

பின்னர்க் காப்பீட்டுக் கழகங்களிற் பணியாற்றிக்கொண்டே, பிரெஞ்சு அறிஞர் லாப்பிளாசின் வானநூலை விளக்கங்களுடன் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் பொருட்செலவிலேயே அச்சிட்டார். 1838 மார்ச்சு 16ஆம் நாள் மறைந்தார். இறுதித் தொகுதி மறு ஆண்டில் வெளிவந்தது.

அவரது மாலுமி நூலை அமெரிக்க அரசு இன்றும் புதுக்கி வெளியிட்டு வருகிறது. பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு செலுத்துவோரும் அதனைப் பயில்கின்றனர்.

பேரேட்டில் ஓரிலக்கம் பிசகினால் மேலதிகாரி கடிந்துகொள்வார். நாமும் அடித்துத் திருத்தி அமைதியுறுவோம். அவ்விலக்கத்தை நம்பிக் காணாத ஒருவர் கடலிற் செல்லக்கூடும் என எண்ணி உழைத்தவர் பௌடிச். பட்டம் பெறாதோம் என வருந்தும் நாம், அப்பொறுப்புணர்ச்சியைப் பெறுதற்குத் தடை யாதுமில்லை.