பாப் வூல்மர்: கான்பூரில் பிறந்த கிரிக்கெட் பயிற்சியாளர், கிங்ஸ்டனில் விடை காணாத மரணம்

புதுடெல்லி: கிரிக்கெட்டில் பயிற்சியாளர் என்ற பதவிக்குப் புதிய பொருள் தந்தவர்களுள் முதன்மையானவர் பாப் வூல்மர். ஆயினும், அவரது பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது அவர் வாழ்ந்த 58 ஆண்டுகள் அல்ல. 2007ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில், ஹோட்டல் அறையொன்றில் நேர்ந்த அவரது மரணமே.

ராபர்ட் ஆண்ட்ரூ வூல்மர் 1948 மே 14 அன்று கான்பூரில், கிரீன் பார்க் மைதானத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் பிறந்தார். ஆங்கிலேயரான அவரது தந்தை கிளாரன்ஸ் வூல்மர், ரஞ்சிக் கோப்பையில் ஐக்கிய மாகாண அணிக்காக ஆடியவர். 1959ஆம் ஆண்டு கராச்சியில் ஹனிஃப் முகமது 499 ரன்கள் குவித்த ஆட்டத்தைப் பத்து வயதுச் சிறுவனாக நேரில் கண்டவர் வூல்மர். 35 ஆண்டுகள் கழித்து, பர்மிங்காமில் பிரையன் லாரா ஆட்டமிழக்காமல் 501 ரன்கள் எடுத்து அச்சாதனையை முறியடித்தபோது, லாராவின் வார்விக்‌ஷயர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே.

ஆட்டக்காரராக அவர் அடைந்த உயரம் நடுத்தரமானது. 1968 முதல் கென்ட் அணிக்காக ஆடினார். 1975இல் இங்கிலாந்து டெஸ்ட் அணியில் இடம்பெற்று, ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எட்டு மணி நேரத்துக்கும் மேல் களத்தில் நின்று 149 ரன்கள் எடுத்தார். 19 டெஸ்ட் போட்டிகளில் 1,059 ரன்கள், மூன்று சதங்கள். மூன்றும் ஆஸ்திரேலியாவுக்கு எதிரானவை. கெர்ரி பாக்கரின் போட்டித் தொடரில் சேர்ந்ததும், நிறவெறி காரணமாக உலகம் ஒதுக்கி வைத்திருந்த தென்னாப்பிரிக்காவுக்கு 1982இல் சென்று ஆடியதும் அவரது சர்வதேச வாழ்வை முடித்தன. இரண்டாவது முடிவுக்காக அவர் பெற்ற மூன்றாண்டுத் தடையை நியாயமற்றதென்று கூற இயலாது.

அவரது உண்மையான வாழ்க்கை பயிற்சியாளராகவே தொடங்கியது. 1994இல் இங்கிலாந்தின் நான்கு உள்நாட்டுக் கோப்பைகளில் மூன்றை வார்விக்‌ஷயர் வென்றது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்க அணியின் பொறுப்பை ஏற்றார். மடிக்கணினியில் ஆட்டங்களைப் பகுப்பாய்வு செய்வது இன்று எல்லா அணிகளிலும் வழக்கம். அன்று அது ஏளனத்துக்கு உள்ளானது. 1999 உலகக்கோப்பையில் இந்தியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், கேப்டன் ஹன்சி குரோனியேயின் காதில் சிறு ஒலிவாங்கிக் கருவியைப் பொருத்தி, களத்துக்கு வெளியிலிருந்து ஆலோசனை வழங்கினார். விதிகளில் அதற்குத் தடை இல்லை. எனினும், ஆட்டத்தின் நடுவிலேயே அக்கருவி அகற்றப்பட்டது. அத்தொடரின் அரையிறுதி ஆஸ்திரேலியாவுடன் சமனில் முடிந்து தென்னாப்பிரிக்கா வெளியேற, வூல்மரும் பதவி விலகினார். மறு ஆண்டு குரோனியேயின் சூதாட்டத் தொடர்பை டெல்லி காவல்துறை அம்பலப்படுத்தியது. பயிற்சியாளர் மீது குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை என்றபோதிலும், அந்த நிழல் பின்னர் கிங்ஸ்டன் வரை நீண்டது.

2004இல் பாகிஸ்தான் அணியின் பயிற்சியாளரானார். மறு ஆண்டு ஏப்ரலில், தாம் பிறந்த கான்பூருக்கே பாகிஸ்தான் அணியுடன் வந்தார். கிரீன் பார்க்கில் நடந்த அந்த ஒருநாள் போட்டியில் ஷாகித் அஃப்ரிதி 45 பந்துகளில் சதம் அடிக்க, இந்தியா தோற்றது. அதே ஆண்டு இறுதியில், ஆஷஸ் வென்ற களிப்புடன் வந்த இங்கிலாந்தைப் பாகிஸ்தான் டெஸ்ட் தொடரில் வீழ்த்தியது. ஆனால் 2006, ஓவல் டெஸ்ட் கைவிடல் சர்ச்சை, இரு வேகப்பந்து வீச்சாளர்கள் மீதான ஊக்கமருந்துப் புகார் எனச் சோதனைகள் நிறைந்த ஆண்டாகவே கழிந்தது.

2007 மார்ச் 17 அன்று உலகக்கோப்பையில் அயர்லாந்திடம் தோற்றுப் பாகிஸ்தான் வெளியேறியது. அதே நாளில் டிரினிடாடில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றதால், நம் ரசிகர்கள் தங்கள் துயரிலேயே மூழ்கியிருந்தனர். மறுநாள் காலை, பெகாசஸ் ஹோட்டலில் தமது அறையின் குளியலறையில் வூல்மர் நினைவிழந்து கிடப்பது தெரியவந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அவர் நீரிழிவு நோயாளி என்பது முன்பே அறியப்பட்டிருந்தது.

நான்கு நாள்கள் கழித்து, அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டதாக ஜமைக்கா காவல்துறை அறிவித்தது. கழுத்தில் உள்ள நாவடி எலும்பு முறிந்திருப்பதாக அரசு உடற்கூறாய்வு நிபுணர் எரே சேஷையா கண்டதே இதற்கு அடிப்படை. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்திருந்த துணை ஆணையர் மார்க் ஷீல்ட்ஸ் தலைமையில் விசாரணை நடந்தது. பாகிஸ்தான் வீரர்கள் அனைவரிடமும் கைரேகை பெறப்பட்டது. கேப்டன் இன்சமாம் உல் ஹக் உள்ளிட்ட சிலர் நாடு திரும்புமுன் மீண்டும் விசாரிக்கப்பட்டனர். ஒருநாள் கிரிக்கெட்டிலிருந்து கண்ணீருடன் விடைபெற்ற சில நாள்களிலேயே இன்சமாம் இந்த விசாரணையை எதிர்கொண்டார். தோல்வியுற்ற ஓர் அணி, தன் பயிற்சியாளரைக் கொன்றிருக்கலாம் என்ற சந்தேகத்துடன் ஊர் திரும்பியது. சூதாட்டக் கும்பலின் கைவரிசை என்றும், வூல்மர் எழுதவிருந்த நூலில் அதன் ரகசியங்கள் வெளிவரவிருந்தன என்றும் வதந்திகள் பரவின. அவரது உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக ஜமைக்காவிலேயே வைக்கப்பட்டிருந்தது.

பிரிட்டன், கனடா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நிபுணர்கள் மூவர் ஆவணங்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர். எலும்பு முறிவு இல்லை, நெரித்த தடயமும் இல்லை என்பது அவர்களது முடிவு. ஜூன் 12 அன்று காவல் ஆணையர் லூசியஸ் தாமஸ், வூல்மர் இயற்கைக் காரணங்களால் இறந்ததாக அறிவித்தார். கொலை என்ற அறிவிப்பு உலகெங்கும் முதல் பக்கச் செய்தியானது. அதைத் திரும்பப் பெற்ற அறிவிப்புக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய மரண விசாரணையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் சாட்சியங்கள் பதிவாயின. தமது முதல் கருத்திலிருந்து சேஷையா பின்வாங்கவில்லை. உடலில் பூச்சிக்கொல்லி இருந்ததா என்பதிலும் ஆய்வகங்களின் முடிவுகள் முரண்பட்டன. நவம்பர் 28 அன்று, 11 பேர் கொண்ட ஜூரி, கொலை என்றோ இயற்கை மரணம் என்றோ கூறாமல், காரணத்தை உறுதிசெய்யப் போதிய ஆதாரமில்லை எனத் தீர்ப்பளித்தது. மனைவிக்கும் இரு மகன்களுக்கும் எஞ்சியது இந்தத் தீர்ப்பே.

பாகிஸ்தான் அரசு அவருக்கு மறைவுக்குப் பின் சிதாரா-இ-இம்தியாஸ் விருது வழங்கியது. லாகூரில் உள்ளரங்கப் பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. விளையாட்டு மருத்துவ அறிஞர் டிம் நோக்ஸுடன் இணைந்து அவர் எழுதிய நூல் 2008இல் வெளியானது. அதில் சூதாட்ட ரகசியம் எதுவும் இல்லை. மட்டையைப் பிடிப்பது, பந்தைச் சுழற்றுவது, உடலைப் பேணுவது குறித்த பல நூறு பக்கப் பாடங்களே இருந்தன.