இலத்திரனின் அலை கண்ட ஜோர்ஜ் தொம்சன்

பேரறிஞர் ஒருவரின் மைந்தராய்ப் பிறத்தல் பெரும்பேறு. அதுவே பெருஞ்சுமையும் ஆகும். தந்தையின் புகழ் நிழலில் தழையாது வாடினோர் பலர். அந்நிழலில் நின்றே தமக்குரிய ஒளியைத் தேடிக்கொண்டவர் ஜோர்ஜ் பாஜெற் தொம்சன். அவர் வரலாற்றை எம் மாணவர் அறிதல் நன்றெனக் கருதி ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

இவர் 1892ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜே. ஜே. தொம்சன், 1897இல் கதோட்டுக் கதிர்களை ஆராய்ந்து, அணுவினும் மிகச் சிறிய துணிக்கையாகிய இலத்திரனைக் கண்டவர். 1906இல் நோபெல் பரிசு பெற்றவர். மைந்தர் அந்நகரின் திரினிற்றிக் கல்லூரியிற் கற்றார். 1914இல் போர் மூண்டதும் படையிற் சேர்ந்து, சில காலம் பிரான்சிற் பணிபுரிந்தபின் ஆகாயவிமான ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1922இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

1924இல் பிரான்சிய அறிஞர் டி புறொக்லி ஒரு புதுமையான கருத்தை வெளியிட்டார். ஒளி அலையாகவும் துணிக்கையாகவும் இயங்குதல்போல, இலத்திரனுக்கும் அலையியல்பு உண்டென்பதே அது. அவ்வாறாயின், ஒழுங்காக அடுக்கிய அணுக்களினூடு செல்லும் இலத்திரன்கள் அலைகளைப் போற் கோணலடைதல் வேண்டும். தொம்சனிடம், தந்தையார் வளர்த்த நேர்க்கதிர் ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு அமைத்த கருவியொன்று இருந்தது. சிறிது மாற்றினால் அதுவே இச்சோதனைக்கும் போதும் என அவர் கண்டார்.

1927இல் அலெக்சாந்தர் ரீட் என்னும் மாணவரும் அவரும் மெல்லிய செலுலோயிட் சவ்வொன்றினூடு கதோட்டுக் கதிர்களைச் செலுத்தினர். ஒளிப்படத் தட்டில் நடுப்புள்ளியைச் சூழ்ந்து வளையங்கள் மங்கலாகத் தோன்றின. பின்னர்த் தொம்சன் தங்கம், அலுமினியம், பிளாற்றினம் ஆகியவற்றின் மிக மெல்லிய தகடுகளைக் கொண்டு ஆராய்ந்தார். வளையங்கள் தெளிவாயின. ஆயினும் ஓர் ஐயம் எழலாம்: அவை இலத்திரன்களால் விளைந்தனவோ, அவை மோதியதால் எழுந்த எக்ஸ் கதிர்களால் விளைந்தனவோ? அவர் காந்தத்தை அருகிற் கொணர்ந்தார். வளையங்கள் யாவும் ஒருங்கே இடம் பெயர்ந்தன. எக்ஸ் கதிர் காந்தத்தால் வளையாது. ஆகவே ஐயம் அகன்றது. வளையங்களின் அளவும் டி புறொக்லியின் சமன்பாட்டோடு பொருந்திற்று.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் டேவிசன், ஜேர்மர் என்போர் நிக்கற் பளிங்கைக் கொண்டு, வேறொரு முறையால் இதே உண்மையைக் கண்டனர். டேவிசனும் தொம்சனும் 1937இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். இலத்திரனைத் துணிக்கையெனக் கண்ட தந்தையார், அஃது அலையுமாம் எனக் கண்டமைக்கு மைந்தர் பரிசு பெறுதலை உயிரோடிருந்து கேட்டார். இதனைத் தந்தையின் தோல்வியென எண்ணற்க. அவர் அளந்தவை யாவும் இன்றும் மெய்யே. மைந்தர் அம்மெய்யின் மற்றொரு முகத்தைக் காட்டினார்.

ஆனால் முதல் வளையங்களை உடனிருந்து கண்ட ரீட் அப்பரிசு நாளைக் காணவில்லை. 1928இல் மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் அவர் இளமையிலேயே மாண்டார். பரிசுப் பட்டியலில் இல்லாத அப்பெயரையும் நாம் நினைவிற் கொள்ளுதல் கடன்.

1930இல் தொம்சன் இலண்டன் இம்பீரியற் கல்லூரிக்குச் சென்றார். 1940இல், யுரேனியத்தால் அணுகுண்டு செய்தல் இயலுமா என ஆராய்ந்த பிரித்தானியக் குழுவின் தலைவரானார். இயலும் என்பதே அக்குழு 1941இற் கண்ட முடிபு. 1952 முதல் 1962 வரை கேம்பிரிட்ஜிற் கோப்பஸ் கிறிஸ்ரிக் கல்லூரியின் தலைவராயிருந்து, 1975 செப்டெம்பர் 10ஆம் நாள் மறைந்தார்.

அவ்வளையங்களோ மறையவில்லை. தொம்சனின் தட்டில் அணுக்களின் அடுக்குமுறை மட்டுமே பதிந்தது. அவற்றின் அசைவு பதியவில்லை. பிற்காலத்தார் ஒரு லேசர்த் துடிப்பை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று தகட்டைத் தாக்கிச் சூடேற்றும். மற்றையது உலோகமொன்றிலிருந்து இலத்திரன் கூட்டத்தை எழுப்பித் தகட்டினூடு செல்லவிடும். இரண்டும் வந்துசேரும் கால இடைவெளியைச் சிறிது சிறிதாக மாற்றிப் படமெடுத்தால், அணுக்களின் அசைவு படிப்படியாகப் புலனாகும். ஒரு செக்கனை இலட்சங்கோடி கூறிட்டால், ஒரு கூறில் ஒளி செல்லும் தூரம் 0.3 மில்லிமீற்றரே, ஆகவே ஒளியின் பாதையைச் சிறிது நீட்டினாலே அவ்விடைவெளியை வேண்டியவாறு அமைக்கலாம். 2003இற் கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தார் இம்முறையால் மெல்லிய அலுமினியத் தகடு உருகுதலைக் கண்டனர். அணுக்களின் ஒழுங்கு குலைய அத்தகைய கூறுகள் ஏறத்தாழ 3.5 மட்டுமே சென்றன. தொம்சன் ஆராய்ந்த உலோகங்களுள் அலுமினியமும் ஒன்றன்றோ!

தந்தையின் கருவியை மைந்தர் மாற்றியமைத்தார். மைந்தரின் வளையங்களைப் பின்வந்தோர் அசைவு காட்டும் படங்களாக்கினர். முன்னோர் தந்ததைப் பேணுதலோடு எம் பணி முடிவதில்லை. அதனைக்கொண்டு அவர் காணாததைக் காணுதலே அவர்க்கு நாம் செய்யும் நன்றி. எம் கல்லூரியின் ஆய்வுகூடத்திற் பயிலும் இளைஞர் இதனை மனங்கொள்வாராக.