ஹான்ஸ் செல்யே

உள்ளத்தில் கவலை மிகுந்தால் உடல் மெலிவதும், உடல் நலிந்தால் உள்ளம் கலங்குவதும் நாம் நாள்தோறும் காண்பனவே. தேர்வு நெருங்குங்கால் சிலர்க்கு உணவு செல்லாது, உறக்கமும் வாராது. எல்லாரும் கண்டும் எவரும் ஆராயாது விட்ட இத்தகைய செய்தியை ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராய்ந்த அறிஞருள் தலைசிறந்தவர் ஹான்ஸ் செல்யே ஆவார்.

செல்யே 1907 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26 ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஹங்கேரி நாட்டினர். படை மருத்துவராய்ப் பணி புரிந்தவர். தாயார் ஆஸ்திரிய நாட்டினர். டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள கொமாரோம் என்னும் ஊரில் வளர்ந்த செல்யே, தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொள்ள விரும்பினார். பிராக் நகரிலிருந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலப் புகுந்தார்.

அங்கே ஒருநாள் பேராசிரியர், வெவ்வேறு நோயால் வருந்திய சிலரை மாணவர்முன் காட்டி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அடையாளங்களை விளக்கினார். செல்யேயின் கண்ணுக்கோ அந்நோயாளரிடையே இருந்த ஒற்றுமையே முதலிற் புலப்பட்டது. நோய் எதுவாயினும் அனைவரும் முகம் வாடியிருந்தனர், பசியற்று மெலிந்திருந்தனர், உடல் நோவால் துவண்டிருந்தனர். இப்பொதுத் தன்மையை ஏன் ஒருவரும் ஆராயவில்லை என்று அவர் வியந்தார். விடை காணப்படாத அவ்வினா ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் உள்ளத்தின் அடியில் உறங்கிக் கிடந்தது.

1929 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற செல்யே, 1931 இல் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டே கானடா நாட்டு மாண்ட்ரீல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே புதியதொரு சுரப்புநீரைக் கண்டறிய வேண்டுமென்னும் வேட்கையால், சூலகத்திலிருந்து எடுத்த சாற்றை எலிகளின் உடலிற் செலுத்தினார். மூன்று மாறுதல்கள் தோன்றின. சிறுநீரகத்தின் மேலே அமைந்துள்ள அட்ரினல் சுரப்பி பருத்தது. மார்பினுள் உள்ள தைமஸ் சுரப்பியும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கின. இரைப்பையிலும் குடலிலும் புண்கள் தோன்றின. புதிய சுரப்புநீர் கிட்டிவிட்டதென அவர் பெரிதும் மகிழ்ந்தார்.

அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. வேறு உறுப்புகளின் சாற்றைச் செலுத்தியபோதும் அதே மூன்று மாறுதல்கள் தோன்றின. பிணங்களைக் கெடாது காக்கும் பார்மலினைச் செலுத்தியபோதும் அவையே தோன்றின. தாம் பட்ட பாடெல்லாம் வீணாயிற்றென்று செல்யே மனம் உடைந்தார். அப்போது பிராக் நகரில் கண்ட நோயாளரின் வாடிய முகங்கள் அவர் நினைவில் எழுந்தன. துன்பம் எதுவாயினும் உடல் அதற்குத் தரும் பொது மறுமொழியே இம்மூன்று மாறுதல்களும் என்று அவர் தெளிந்தார். எலிகளைக் குளிரில் வைத்துப் பார்த்தார். அளவுக்கு மீறி உழைக்கச் செய்து பார்த்தார். விளைவு மாறவில்லை.

இவ்வாராய்ச்சியைக் கைவிடுமாறு மூத்தவர் ஒருவர் அவர்க்கு அறிவுரை கூறினார். இன்சுலின் கண்ட அறிஞர் பாண்டிங் என்பாரோ அவர்க்கு ஊக்கமும் பொருளுதவியும் அளித்தார். 1936 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செல்யேயின் சிறு கட்டுரை ஒன்று 'நேச்சர்' என்னும் இதழில் வெளிவந்தது. துன்புற்ற உடல் முதலில் திடுக்கிட்டு விழிக்கும். பின்னர் எதிர்த்து நிற்கும். துன்பம் நீங்காது நீடிப்பின் இறுதியில் ஆற்றல் அற்றுச் சோரும் என்று அவர் மூன்று நிலைகளை வகுத்தார். இம்மறுமொழியைப் பின்னர் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல்லால் குறித்தார். அதனையே நாம் அழுத்தம் என்கிறோம்.

தைமஸ் சுரப்பியின் பயன் யாதென்பது அந்நாளில் விளங்கவில்லை. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுள் ஒருவகையின் பயிற்சிக்களம் அதுவே என்பதை 1961 ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்னும் அறிஞரின் ஆய்வு புலப்படுத்தியது. ஆகவே, செல்யே கண்ட சுருக்கம் உடலைக் காக்கும் படையையே அழுத்தம் தாக்குகிறது என்பதற்குச் சான்றாயிற்று. பின்வந்தோர் இதன் மறுபக்கத்தையும் கண்டனர். வெள்ளணுக்கள் விடுக்கும் வேதிப்பொருள்கள் குருதி வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குச் செய்தி உணர்த்துகின்றன; நோயுற்றார்க்குப் பசியின்மையும் சோர்வும் வருதற்கு இதுவும் ஒரு காரணம். இடைவிடாது அச்சுறுத்தப்பட்ட சுண்டெலிகளில் எலும்பு மச்சையில் தோன்றும் வெள்ளணுக்கள் மூளையை அடைந்து பதற்றத்தை மிகுவிப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. மாந்தரிடத்து இஃது எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயப்பட்டு வருகிறது.

செல்யே 1945 முதல் மாண்ட்ரீல் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். 1956 இல் 'வாழ்க்கையின் அழுத்தம்' என்று பொருள்படும் நூலைப் பொதுமக்களுக்கென எழுதினார். அழுத்தம் யாவும் தீயதன்று, விரும்பி ஏற்கும் உழைப்பு நன்மையே தரும் என்றும் அவர் கற்பித்தார். நோபெல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அதனை அவர் பெறவில்லை. புகையிலை நிறுவனங்களிடம் ஆராய்ச்சிக்குப் பொருள் பெற்று, அவற்றுக்குத் துணையாகப் பேசியது திங்களில் மறுப்போல அவர் புகழிற் படிந்துள்ளது. 1982 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16 ஆம் நாள் அவர் மறைந்தார்.

செல்யேயின் வாழ்வு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. தோல்வியெனத் தோன்றுவதையும் நின்று நோக்குவார்க்கு அதனுள் உண்மை புலப்படும் என்பது ஒன்று. உடலும் உள்ளமும் தனித்தனி நாடுகள் அல்ல. ஒன்றில் எழும் போர் மற்றதனையும் வருத்தும் என்பது மற்றொன்று. ஆதலின் பதற்றத்தால் வருந்துவாரைக் கோழையென இகழாது, காய்ச்சலுற்றாரைப் போற்றுமாறு போற்றுதல் நம் கடனாகும்.