சமையலறை சிங்க்கில் ஓடிய முதல் இன்ஜின்: ஹென்றி ஃபோர்டு பாகங்களைத் தேர்ந்தெடுத்தது எப்படி?

1893, டிசம்பர் 24. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பாக்லி அவென்யூவில் ஒரு வாடகை வீடு. மறுநாள் கிறிஸ்துமஸ் விருந்துக்கான சமையல் வேலையில் இருக்கிறார் கிளாரா. பக்கத்து அறையில் ஏழு வாரக் குழந்தை எட்சல். அப்போ அவரது கணவர், பலகையில் பொருத்திய ஒரு இரும்புச் சாமானைத் தூக்கிக்கிட்டு வந்து சிங்க்கில் மாட்டுகிறார்.

அதுதான் ஹென்றி ஃபோர்டு தன் கையால் செய்த முதல் பெட்ரோல் இன்ஜின். கார் உலகத்தையே மாற்றியவரின் தொடக்கம் இவ்வளவு எளிமையாகத்தான் இருந்தது.

யார் இந்த ஃபோர்டு?

1863 ஜூலை 30-ல் மிச்சிகன் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயல் வேலை பிடிக்கலை. 16 வயதில் டெட்ராய்ட் போய் இயந்திரப் பட்டறைகளில் வேலை கற்றார். பிறகு ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் நீராவி இன்ஜின்களைப் பழுது பார்த்தார்.

அங்கேதான் ஒரு விஷயம் அவருக்குப் புரிந்தது. நீராவி இன்ஜினுக்குக் கொதிகலன் வேண்டும், நிலக்கரி வேண்டும், தண்ணீர் வேண்டும். இவ்வளவு எடையை ஒரு சின்ன வண்டி எப்படி இழுக்கும்? எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே எரிகிற இன்ஜின்தான் வழி என்று முடிவு செய்தார். 1891-ல் எடிசன் இல்லுமினேட்டிங் கம்பெனியில் இன்ஜினியர் வேலை கிடைத்தது. பகலில் சம்பள வேலை, இரவில் சொந்தப் பட்டறை.

முதல் இன்ஜினுக்கு என்னென்ன பாகங்கள்?

கடையில் வாங்க அப்போ இன்ஜின் பாகங்களே கிடையாது. கையில் கிடைத்ததை வைத்துத்தான் திட்டம் போட்டார். சிலிண்டருக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டு. ஃபிளைவீலுக்குப் பழைய லேத் மெஷினின் கைச்சக்கரம். தீப்பொறிக்கு வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரம்.

கார்புரேட்டர்? அந்த வேலையைப் பார்த்தவர் கிளாரா! அவர் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விட, ஹென்றி சக்கரத்தைச் சுழற்றினார். இன்ஜின் இருமியது, புகை கக்கியது, கொஞ்ச நேரம் ஓடியது. அது போதும் அவருக்கு. வண்டியை இழுக்கிற சக்தி அதுக்கு இல்லை. அதற்காக அவர் அதைச் செய்யவும் இல்லை. எரிபொருள், காற்று, தீப்பொறி மூணும் சரியான நேரத்தில் சேருதா என்று பார்ப்பதுதான் நோக்கம். சேர்ந்தது என்று தெரிந்ததும் அதை ஓரம் வைத்துவிட்டார்.

965 சிசி, 4 குதிரைத் திறன்

அடுத்தது வண்டிக்கான இன்ஜின். இந்த முறை ரெண்டு சிலிண்டர். பழைய நீராவி இன்ஜின் ஒன்றின் புகைபோக்கிக் குழாயை வெட்டிச் செய்தார். விட்டம் இரண்டரை அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 6 அங்குலம். கணக்குப் போட்டால் சுமார் 965 சிசி. ஆனா கிடைத்த சக்தி வெறும் 4 குதிரைத் திறன். இன்றைய 100 சிசி பைக்கே இதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு தரும்.

இவ்வளவு சின்ன சக்தியில் வண்டி ஓடணும்னா எடை குறையணும். அதனால் மற்ற பாகங்களை அதுக்கேற்ப எடுத்தார். சைக்கிள் சக்கரங்கள், தோல் பெல்ட், செயின். மொத்த எடை சுமார் 227 கிலோ. ரிவர்ஸ் கியர் கிடையாது. அதே ஊரில் 1896 மார்ச்சில் ஃபோர்டுக்கு முன்பே காரை ஓட்டிக் காட்டிய சார்லஸ் கிங், போட்டியாளர் என்று பார்க்காமல் சில பாகங்கள் கொடுத்து உதவினார்.

திட்டத்தில் விட்டுப்போனது என்ன?

1896 ஜூன் 4, விடியற்காலை. வண்டி ரெடி. ஆனா பட்டறைக் கதவு வழியாக வெளியே வரலை, வண்டியை விடக் கதவு குறுகல்! கோடாரியால் செங்கல் சுவரை உடைத்துத்தான் வெளியே எடுத்தார். போகிற வழியில் தீப்பொறி தரும் பாகம் பழுதாகி வண்டி நின்றது. சரி செய்து மறுபடி ஓட்டினார்.

இன்னொரு பெரிய குறை, சிலிண்டரைக் குளிர்விக்க ஏற்பாடே இல்லை. ஒரு மணி நேரம் ஓடினால் இன்ஜின் சூடேறியது. பிறகு சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை போட்டார். அந்த வண்டியை 200 டாலருக்கு விற்று, பணத்தை அடுத்த வண்டியில் போட்டார்.

வேலையா, இன்ஜினா?

கம்பெனி பதவி உயர்வு தர முன்வந்தது. நிபந்தனை, பெட்ரோல் இன்ஜினை விடணும். மனைவியும் குழந்தையும் இருக்கிற வீடு. ஆனாலும் 1899 ஆகஸ்டில் ஃபோர்டு விட்டது வேலையைத்தான்.

உடனே வெற்றி வந்ததா? இல்லை. முதல் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து அவரே வெளியேறினார். அதுதான் பின்னாளில் காடிலாக் ஆனது. 1903 ஜூன் 16-ல் தொடங்கிய மூன்றாவது கம்பெனிதான் நாம் அறிந்த ஃபோர்டு.

1908-ல் வந்த மாடல் டி காரில் பழைய பாடங்கள் எல்லாம் தெரிந்தன. நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பு. மேல்மூடி தனியாகக் கழற்றலாம் என்பதால் பழுது பார்ப்பது சுலபம். எடை குறைந்த, உறுதியான வனேடியம் எஃகு. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன.

மறுபக்கமும் உண்டு. 1920-களில் அவரது பத்திரிகை யூத வெறுப்பைப் பரப்பியது. தொழிற்சங்கங்களை அவரது நிர்வாகம் அடியாட்களை வைத்து ஒடுக்கியது. அந்தக் கறை இன்றும் அவர் பெயரோடு இருக்கிறது.

1947 ஏப்ரல் 7-ல், 83 வயதில் ஃபோர்டு இறந்தார். அன்று ஆற்று வெள்ளத்தால் வீட்டில் மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். சிங்க்கில் ஓடிய அந்தச் சின்ன இன்ஜின் இப்போது டியர்பார்ன் நகரில் அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.