மண்வெட்டி ஏந்திய பியேர் செரெசோல்

சிரமதானம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவில் வளவைத் துப்புரவாக்கவும் ஒழுங்கையைத் திருத்தவும் மண்வெட்டியோடு போனவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஆனால் கடல் கடந்து, மொழி தெரியாத ஊருக்கு, நேற்றுவரை துப்பாக்கி நீட்டிய பகைவனோடு சேர்ந்து கூலியின்றி மண் சுமக்கப் போவீர்களா? அப்படிப் போகலாம் என்று காட்டியவர் பியேர் செரெசோல்.

1879 ஆகஸ்ட் 17இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் 1873இல் அந்நாட்டின் சனாதிபதியாக இருந்தவர். பியேர் பொறியியல் கற்றார். அமெரிக்கா, ஹவாய், யப்பான் என்று அலைந்து, பல தொழில்களும் பார்த்து, 1914இல் ஊர் திரும்பினார். வந்ததும் தமக்குக் கிடைத்த முதுசொத்தை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்! பிறகு இராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை சென்றார். வீட்டார் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய அண்ணன் ஏர்னஸ்டோ அதே நாட்டுப் படையில் ஓர் உயர் அதிகாரி.

முதலாம் உலகப் போர் முடிந்தது. பிரான்சில் வெர்டனுக்கு அருகே, 304ஆம் குன்று என்று பேர்பெற்ற மேட்டின் அடியில் எஸ்ன் என்றொரு கிராமம். குன்றைப் பிடிக்க நடந்த சண்டையில் குண்டு விழாத இடமில்லை. கிராமம் கற்குவியலாய்க் கிடந்தது. 1920இன் இறுதியில் பியேரும் சில தோழர்களும் அங்கே முகாமிட்டார்கள். குழிகளை மூடினார்கள், பாதை திருத்தினார்கள், தற்காலிக வீடுகள் எழுப்பினார்கள். அவர்களுள் ஜேர்மனியரும் இருந்தனர். இடித்தவர் இனத்தவரே வந்து கட்டவேண்டும் என்பதுதான் பியேரின் எண்ணம்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் ஜேர்மனியரைக் காணப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் நமக்கு நாக்கு எழாது. ஜேர்மனியர் இருக்கலாகாது என்ற எதிர்ப்பு வலுத்தது. அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு வேலையைத் தொடரப் பியேர் சம்மதிக்கவில்லை. சில மாதங்களில் முகாம் கலைந்தது. தோல்வி என்றே ஊர் பேசியிருக்கும்.

1924இல் சுவிற்சர்லாந்தின் ஓர்மோன் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு ஏற்பட்டபோது மறுபடி மண்வெட்டிகள் எழுந்தன. இம்முறை முன்னின்று நடத்தியவர் யார் தெரியுமா? படை அதிகாரியான அண்ணன் ஏர்னஸ்ட்! ஆயுதம் ஏந்தியவரும் அதை மறுத்தவரும் ஒரே சரிவில் நின்று கல்லும் மரமும் அகற்றினார்கள்.

1927 செப்டெம்பரில் ரைன் நதி அணை உடைத்துப் பாய்ந்து, அல்ப்ஸ் மலைகளின் கீழுள்ள சின்னஞ்சிறு கத்தோலிக்க நாடான லீக்டென்ஸ்டைனின் வயல்களை மணலாலும் பரலாலும் மூடிவிட்டது. ஊரார் மட்டும் அள்ளித் தீருமா? 1928இல் 700க்கு மேற்பட்ட தொண்டர்கள், 20க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து முறைமுறையாக வந்தார்கள். மாணவன், தச்சன், ஆசிரியர் என்ற பேதமில்லை. உண்ண உணவும் படுக்க இடமும் உண்டு, சம்பளம் இல்லை. பெண்கள் சமையலையும் சலவையையும் பார்த்தார்கள். அந்த வேலை எளிதென்று நினைக்காதீர்கள். நூற்றுக்கணக்கானோரின் சேற்று உடுப்பைத் துவைப்பதை நம் தாய்மாரிடம் கேட்டால் சொல்வார்கள். எஸ்னில் முடியாதது ரைன் கரையில் முடிந்தது.

1934 ஜனவரி 15இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கிற்று. ஐம்பத்தைந்தை நெருங்கிய பியேர் கப்பலேறினார். நிவாரணப் பணியை நடத்திவந்த இராஜேந்திர பிரசாத்தோடு தொடர்புகொண்டு, சில ஐரோப்பியத் தோழர்களுடன் முசாபர்பூர்ப் பக்கம், வெள்ளம் ஏறாத மேட்டுநிலத்தில் புதிய குடியிருப்புகள் அமைக்க உழைத்தார். பீகார் வெயிலில் அந்த வெள்ளைக்காரர் மண் சுமப்பதைக் கண்டு கிராமத்தவர் திகைத்திராமல் இருந்திருப்பார்களா?

இரண்டாம் உலகப் போர் மூண்டபோதும் அவர் ஓயவில்லை. சமாதானம் பேச அனுமதியின்றி எல்லை கடந்து ஜேர்மனிக்குள் நுழைந்தார், பிடிபட்டார். தம் நாட்டிலும் மீண்டும் சிறை இருந்தார். உடல் தளர்ந்து, போர் ஓய்ந்த அதே ஆண்டு, 1945 ஒக்டோபர் 23இல், லோசானுக்கு அண்மையில் காலமானார். அவர் தொடக்கிய சர்வதேசக் குடிமைச் சேவை இயக்கத்தின் தொண்டர்கள், அந்தப் போர் இடித்த ஊர்களில் அப்போதே வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.